இன்றைய ஆளைச் சோழர் காலத்தில் குடியேற்றுவது எப்படி? காலப்பயணக் கதை எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

கடந்த காலத்துக்குப் போய்ச் சேர்ந்த ஒருவர் அங்கே எப்படிப் பிழைக்கிறார் என்று ஒரு குறுநாவல் எழுதினேன், மூன்று முறை முழுதாகக் கிழித்துப் போட்டுத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. அதற்கப்புறம் இதே வகைக் கதை எழுத ஆரம்பித்த நண்பர்களின் வரைவுகளை நிறைய வாசித்தேன், கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்த இடங்களை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம், ஏனென்றால் ஒவ்வொரு படியும் முந்தையதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

எடுத்துக்காட்டுக்கு ஒரே கதையை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் மருந்துக்கடை நடத்தும் செல்வி என்ற 34 வயதுப் பெண், 1010-ஆம் ஆண்டின் தஞ்சாவூரில் போய் விழுகிறாள். திரும்பும் வழி அவளுக்குத் தெரியாது.

1. எழுதத் தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், அந்தக் காலத்து மனிதர்களே விட்டுப்போன எழுத்து. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' வரிசையின் இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. யாருக்கு எவ்வளவு நெல், எந்தத் தெருவில் யார் வீடு, விளக்குக்கு எத்தனை ஆடு என்று எல்லாம் அதில் கிடைக்கும். மற்ற சரித்திரக் கதைகளை வாசித்துவிட்டு எழுத உட்காராதீர்கள். அவற்றில் உள்ள பிழைகளும் சேர்ந்து உங்கள் கதைக்குள் வந்துவிடும், வந்தது உங்களுக்கே தெரியாது.

இரண்டாவது, ஒரு பழைய நோட்டு. இடப்பக்கம் 'இருந்தது', வலப்பக்கம் 'இல்லை'. கதை முடியும்வரை இது நிரம்பிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, உங்கள் பாத்திரம் வெறுங்கையோடு என்னென்ன செய்வாள் என்ற நேர்மையான கணக்கு. செல்விக்கு நூறு மருந்துகளின் பெயரும் அளவும் மனப்பாடம், ஆனால் ஒரு மாத்திரைகூட அவளால் செய்ய முடியாது. கதை நெடுக இது உங்களுக்குத் தேவைப்படும்.

2. ஆண்டையும் ஊரையும் முதலில் முடிவு செய்யுங்கள்

'சோழர் காலம்' என்று மட்டும் வைத்துக்கொண்டால் கதை நகராது. அது நானூறு ஆண்டுக்கும் மேலான காலம். ஒரே ஆண்டு, ஒரே ஊர், முடிந்தால் மாதத்தோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் ஆற்றில் தண்ணீர் இருந்ததா, வயலில் என்ன நின்றது, அரசன் யார் என்பதெல்லாம் தானாக முடிவாகும்.

இங்கே எல்லோரும் செய்யும் பிழை, இன்று கண்ணால் பார்க்கும் ஊரை அப்படியே பின்னுக்குத் தள்ளிவிடுவது. 1010-இல் செல்வி பெரிய கோயிலுக்குள் நுழைந்தால் இன்று நாம் பார்க்கும் பெரிய நந்தி அங்கே இருக்காது, அது நாயக்கர் காலத்தது. முருகன் சன்னிதியும் அப்படித்தான். அம்மன் சன்னிதி பாண்டியர் கட்டியது. கோயிலைச் சுற்றிய அகழியும் கோட்டை மதிலும் பிற்காலத்தவை. நான் வாசித்த ஒரு வரைவில் கதாநாயகன் கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றில் குளித்துவிட்டு உள்ளே போகிறான். அந்தப் 'புது ஆறு' மேட்டூர் அணைத் திட்டத்தோடு சேர்த்து வெட்டப்பட்ட கால்வாய், 1934-இல் முடிந்தது.

அந்த அணையே இல்லாத காவிரியையும் யோசியுங்கள். ஜூன் 12-இல் திறந்துவிட யாரும் இல்லை, மேற்கே மழை பெய்தால்தான் ஆடியில் வெள்ளம் வரும். செல்வி சித்திரையில் வந்தால் மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுக்க வேண்டியிருக்கும், ஐப்பசியில் வந்தால் முதல் வாரமே முழங்கால் சேறு. மாதத்தை மாற்றினால் முதல் பத்துப் பக்கங்களும் மாறிவிடும்.

ஆண்டைக் குறித்துவிட்டால் சில பரிசுகளும் கிடைக்கும். 1006 மே மாதத்தில் ஒரு விண்மீன் வெடித்து வெள்ளியைவிடப் பிரகாசமாகத் தெரிந்தது, சீனாவிலும் எகிப்திலும் குறித்து வைத்திருக்கிறார்கள். தென்வானில் இருந்ததால் தஞ்சையிலிருந்து இன்னும் நன்றாகவே தெரிந்திருக்கும். உங்கள் கதை 1010-இல் நடந்தால், நாலு வருஷத்துக்கு முன் வந்துபோன அந்த வெளிச்சத்தைப் பற்றி ஒரு கிழவி பேசலாம். செல்விக்கு அது என்னவென்று தெரியும், சொல்ல வார்த்தை இருக்காது.

3. இல்லாதவற்றின் பட்டியலை அடுக்களையிலிருந்து ஆரம்பியுங்கள்

மின்சாரம் இல்லை, பேருந்து இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கதைக்கு வேண்டியது, வாசகர் எதிர்பார்க்காத இல்லாமை. அது சோற்றுத் தட்டில்தான் இருக்கிறது.

மிளகாய் இல்லை. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, முந்திரிப்பருப்பு, மரவள்ளி, கொய்யா, பப்பாளி எதுவும் இல்லை. இவையெல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள், போர்த்துக்கீசியர் வந்த பிறகு, அதாவது 1500-க்குப் பின்தான் நம் பக்கம் வந்தன. காப்பியும் கிடையாது, தேநீரும் கிடையாது. மூன்றாம் நாள் காலையில் செல்விக்குத் தலை பிளக்கும், அது காப்பி விட்டதால் வரும் வலி என்று அவளுக்கு மட்டும் தெரியும். என்னைக் கேட்டால் கால இயந்திரத்தை விவரிக்கும் பத்துப் பக்கத்தைவிட இந்த ஒரு தலைவலி பெறுமானம் உள்ளது.

இருந்தவற்றையும் எழுதுங்கள். பெரிய கோயில் படையல் கணக்கில் அரிசி, நெய், பருப்பு, மிளகு, கடுகு, சீரகம், புளி, தயிர், கொள்ளு, வாழைப்பழம், உப்பு, வெற்றிலை, பாக்கு எல்லாம் வருகின்றன. இதை வைத்து ஒரு மிளகுக்குழம்பு கொதிக்க வைத்துவிடலாம். அந்த வாசனையில் அவள் வீட்டு நினைவு வந்து அழுதால் வாசகர் நம்புவார்.

அடுத்து வீடு. தீக்குச்சி இல்லை, அதனால் அடுப்பில் நெருப்பை அணையாமல் மூடிவைப்பது ஒரு தினசரி வேலை, அணைந்துபோனால் பக்கத்து வீட்டில் போய்க் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி தராவிட்டால்? பாருங்கள், ஓர் இல்லாமையே ஒரு காட்சியாகிவிட்டது. பட்டியலில் ஒவ்வொன்றையும் இப்படிக் காட்சி ஆகும்வரை தள்ளிப் பாருங்கள், ஆகாதவற்றை விட்டுவிடுங்கள்.

4. வந்து விழும் காட்சியை ஒரு பக்கத்தில் முடியுங்கள்

மின்னல், கிணறு, மயக்கம், எதுவானாலும் சரி. உங்கள் கதை எப்படிப் போனாள் என்பதைப் பற்றியது கிடையாது, எப்படி வாழ்ந்தாள் என்பதைப் பற்றியது. கைபேசி கையில் இருந்தால் இரண்டு நாளில் அணைந்துபோகட்டும். அதை வைத்து அரசனை அசத்தும் காட்சியை எழுதத் துடிக்கும், எழுதாதீர்கள். எழுதினால் அவள் அந்த ஊருக்கு ஒரு தெய்வமாகவோ பேயாகவோ ஆகிவிடுவாள், அதன்பிறகு நெருப்புக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போகும் பெண்ணாக அவளைக் காட்டவே முடியாது.

5. அவளுக்கு யார் சோறு போடுவது என்று முடிவு செய்யுங்கள்

மொத்தக் கதையின் முதுகெலும்பு இந்தப் படிதான், புதியவர்கள் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான். வழிப்போக்கராக வந்தவரை ஒரு நல்ல கிழவர் வீட்டுக்கு அழைத்துப் போவார், அடுத்த அத்தியாயத்தில் வந்தவர் அரண்மனையில் இருப்பார். கிழவர் ஏன் அழைத்துப் போனார்? அவருக்கு என்ன ஆதாயம்? ஊரார் என்ன சொன்னார்கள்?

அந்தக் காலத்தில் தனி ஆள் என்று ஒருவர் இருக்க முடியாது. எந்த ஊர், யார் மகள், யாரைச் சேர்ந்தவள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் இல்லாதவளுக்குத் தண்ணீர்கூட யோசித்துத்தான் கொடுப்பார்கள். அதனால் அவளை ஒளித்துவைக்க அந்த ஊரிலேயே ஒரு இடுக்கைத் தேட வேண்டும், அதுவும் ஆவணத்தில் உள்ள இடுக்காக இருந்தால் நல்லது.

தஞ்சையில் அப்படி ஒன்று இருக்கிறது. ராஜராஜன் சோழநாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிக்கான ஆடல் பெண்களை, கொண்டுவந்து பெரிய கோயிலைச் சுற்றிய தெருக்களில் குடியமர்த்தினான். ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒவ்வொருத்தியின் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்பதும், எந்தச் சிறகில் (தெருவின் வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் இருக்கிறது. நானூறு பேரில் பெரும்பாலானவர்கள் ஊருக்குப் புதியவர்கள். நானூறு விதப் பேச்சு. இன்னொரு புதுமுகம், இன்னொரு விசித்திரமான உச்சரிப்பு, அங்கே ஒரு மாதத்துக்காவது கண்ணில் படாது.

கணக்கும் ஒத்துவருகிறது. ஒரு கலம் 96 நாழி, அப்படியானால் 100 கலம் என்பது நாளைக்கு ஏறக்குறைய 26 நாழி நெல். ஒருத்தி தின்று தீர்க்கும் அளவைவிட அது அதிகம், வீட்டில் இன்னும் சிலருக்கு இடமிருக்கிறது. நெல் குத்தவும் தண்ணீர் சுமக்கவும் ஆள் வேண்டும். செல்வி அப்படி ஒரு வீட்டில் நெல் குத்துகிறவளாகச் சேர்கிறாள். அந்த வீட்டுக்காரிக்கு லாபம் இருக்கிறது, அதனால் கேள்வி கேட்காமல் இருக்க ஒரு காரணமும் இருக்கிறது.

பதற்றமும் இங்கேயே பிறக்கிறது. தெருவில் எல்லார் பெயரும் கல்லில் ஏறப்போகிறது, இவள் பெயர் மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை. வில்லனே தேவையில்லை, ஓலையும் எழுத்தாணியுமாக வரும் ஒரு கணக்கன் போதும்.

உங்கள் பாத்திரம் ஆணாக இருந்து, வெளிநாட்டான் என்று சொல்லித் தப்பிக்க வேண்டுமானால் நாகப்பட்டினம் பக்கம் கொண்டுபோங்கள். ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரை அங்கே இருந்தது, கடல் கடந்து வருகிறவர்கள் அங்கே சாதாரணம்.

6. பேச்சைச் சரிசெய்யுங்கள், ஆனால் செந்தமிழாக்காதீர்கள்

இரண்டு பக்கமும் பள்ளம். ஒரு பக்கம், எல்லோரும் மேடைத்தமிழ் பேசுவது. பெரிய கோயில் சுவரில் அரசனின் வாய்மொழியாக வருவதைப் பாருங்கள்: 'நாம் எடுப்பிச்ச' கோயிலுக்கு 'நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்'. எடுப்பித்த என்றோ கொடுத்தன என்றோ இல்லை. நாம் வீட்டில் சொல்லும் அதே 'குடுத்த'. இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது, ஆயிரம் வருஷத்துக்கு அப்பால் ஒருத்தர் நம் வாயால் பேசுகிறார். உங்கள் வாசகருக்கும் அந்த உணர்வைக் கொடுங்கள்.

மறுபக்கம், பிற்காலச் சொற்கள். சாவி, சன்னல், அலமாரி, மேசை எல்லாம் போர்த்துக்கீசியம். வசூல், பாக்கி, தயார் எல்லாம் பாரசீக, அரபு வழி வந்தவை. செல்வி 'சாவி எங்கே' என்று கேட்டால் யாருக்கும் புரியாது. அந்தக் காலத்து ஆட்களின் பேச்சில் இவை ஒன்றுகூட வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், செல்வியின் எண்ணத்தில் மட்டும் வரட்டும். கதை போகப்போக அவள் எண்ணத்திலும் சாவி 'திறவுகோல்' ஆகட்டும்.

இன்னொன்று, தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் என்பதால் கல்வெட்டையும் வாசித்துவிடுவாள் என்று எழுதாதீர்கள். எழுத்து வடிவம் வேறு, சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை, பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை, எகர ஏகாரத்துக்கு இன்றுள்ள வேறுபாடு வீரமாமுனிவர் காலத்தில்தான் வந்தது. பட்டம் படித்தவள் அந்த ஊரில் எழுத்தறியாதவளாக நிற்பாள். இந்த அவமானத்துக்கு ஓர் அத்தியாயமே கொடுக்கலாம்.

7. அளவு, காசு, நேரம்: பழையதையே பயன்படுத்துங்கள்

இது சுலபமான படி. 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 12 குறுணி ஒரு கலம். பொன்னுக்குக் கழஞ்சு, அதில் 20 மஞ்சாடி. நாளுக்கு 60 நாழிகை, ஒன்று 24 நிமிஷம். ஆண்டை 1010 என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அரசனுக்கு யாண்டு 25 என்பார்கள், அதாவது அவன் ஆட்சியின் 25-ஆம் ஆண்டு.

ஒவ்வொரு தடவையும் இது இன்றைக்கு இவ்வளவு லிட்டர் என்று விளக்க வேண்டாம். செல்வி முதல் முறை அளந்து தவறு செய்து திட்டு வாங்கட்டும், வாசகர் அவளோடு சேர்ந்து கற்றுக்கொள்வார்.

8. அவள் அறிவு எங்கே உதவும், எங்கே உதவாது

பொறுமையாகச் செய்ய வேண்டிய படி இது. நிறைய வரைவுகளில் வந்தவர் ஒரே மாதத்தில் வெடிமருந்து, அச்சு இயந்திரம், சோப்பு எல்லாம் செய்துவிடுகிறார். அதற்கு வேண்டிய மூலப்பொருள், கருவி, ஆட்கள், செலவு எதுவும் கணக்கில் வராது. அதைவிடப் பெரிய பிழை, அந்தக் காலத்து மக்களை ஒன்றும் தெரியாதவர்களாகக் காட்டுவது. பக்கத்தில் பாறையே இல்லாத சமவெளியில் 200 அடிக்கும் உயரமான கருங்கல் விமானம் எழுப்பியவர்களுக்கு நெம்புகோலைப் பற்றி உங்கள் ஆள் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நான் பயன்படுத்தும் சோதனை இது: வெறுங்கையோடு, அந்த ஊர்ச் சாமான்களை மட்டும் வைத்து, இன்றைக்கே செய்ய முடியுமா? செல்விக்கு ஒன்றே ஒன்று தேறுகிறது. பேதியில் நீர் வற்றிச் சாகிற குழந்தையை உப்பும் இனிப்பும் கலந்த நீரால் காப்பாற்றலாம். ஒரு லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை என்ற அளவு அவளுக்குத் தெரியும். அங்கே உப்பும் வெல்லமும் உண்டு, தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம்.

ஆனால் லிட்டர் இல்லை, தேக்கரண்டி இல்லை. உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து, அதனால் அவள் நாக்கில் வைத்துப் பார்க்கிறாள், கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது என்ற பழைய பாடத்தை நினைவுபடுத்துகிறாள். கொதிக்க வைக்க விறகு வேண்டும், விறகு அவளுடையதா? கடைசியில் பெரிய கேள்வி: அவள் தொட்ட பானையிலிருந்து அந்தக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கத் தாய் சம்மதிப்பாளா? யாரென்றே தெரியாதவள் கையால்? மருந்து தெரிவது ஒரு வரி, அந்த ஒரு சம்மதத்தைப் பெறுவதுதான் கதை. அவசரப்படாமல் முப்பது பக்கம் கூட எழுதுங்கள்.

9. கசப்பை மறைக்காதீர்கள்

ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளில் ஊர் நிலத்தில் வரி நீங்கியவற்றைச் சொல்லும்போது ஊர் நத்தம், குளம், வாய்க்கால் என்ற வரிசையிலேயே பறைச்சேரி, கம்மாணச்சேரி (கம்மாளர் வாழ்ந்தது), ஈழச்சேரி (கள் இறக்குகிறவர்கள் வாழ்ந்தது) என்று வருகிறது. மக்கள் தனித்தனிச் சேரிகளில் வாழ்ந்தார்கள். இதைத் தாண்டிப் பொற்காலம் எழுதுவது, அந்தச் சேரிகளில் வாழ்ந்தவர்களை இரண்டாம் முறை ஊருக்கு வெளியே தள்ளுவது. செல்வி இன்று எந்தக் குடும்பத்திலிருந்து வருகிறாள் என்பதையும் முடிவு செய்யுங்கள். அந்தப் பதிலைப் பொறுத்து 1010 அவளுக்கு வேறு வேறு ஊராக இருக்கும்.

குடவோலையும் இதில் சேரும். ஊர்த் தேர்தலில் நின்று ஜெயிக்கும் நாயகனை எத்தனையோ வரைவில் பார்த்துவிட்டேன். உத்தரமேரூர்க் கல்வெட்டுப்படி நிற்கிறவருக்கு வரி கட்டும் கால்வேலி நிலமாவது வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதமும் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களின் சபை. வந்து இறங்கிய ஆள் அந்தப் பானைக்குப் பக்கத்திலேயே போக முடியாது. வெளியே நின்று பார்க்கலாம், அப்படி எழுதினால் காட்சி இன்னும் கனமாகிறது.

10. பழகிப்போவதை எப்படிக் காட்டுவது

'நாட்கள் ஓடின, அவள் பழகிவிட்டாள்' என்ற வரியை எழுதவே எழுதாதீர்கள். வாசகர் காத்திருந்ததே அதற்குத்தான்.

ஒரே வேலையை மூன்று தடவை காட்டுங்கள். முதல் நாள் உலக்கை பிடித்துக் கை கொப்பளிக்கிறது. மூன்றாம் மாதம் பக்கத்தில் குத்துகிறவளோடு தாளம் சேர்கிறது. ஒரு வருஷம் கழித்து, குத்திக்கொண்டே வேறு ஏதோ சண்டையைப் பற்றி யோசிக்கிறாள், உலக்கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த இல்லாத வரிதான் பழக்கம்.

இழப்பும் அதே அளவுக்கு வரட்டும். மகனின் கைபேசி எண் மனப்பாடமாக இருந்தது, ஒரு நாள் கடைசி இரண்டு இலக்கம் வரவில்லை. இதை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்த முடியும், சரியான இடம் வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

11. திருத்தும்போது

முதல் வரைவு முடிந்ததும் ஒரு வாரம் தொடாதீர்கள். பிறகு மூன்று தனித்தனி வாசிப்பு, ஒன்றாகச் செய்தால் கண் தப்பிவிடும்.

முதல் வாசிப்பில் பொருட்கள் மட்டும். தொட்டது, தின்றது, உடுத்தியது ஒவ்வொன்றையும் நோட்டின் இரண்டு பக்கத்தோடு ஒப்பிடுங்கள். என் கதையில் மூன்றாம் திருத்தத்துக்குப் பிறகும் ஒரு மூதாட்டி திருப்புகழ் பாடிக்கொண்டிருந்தாள், அது 15-ஆம் நூற்றாண்டு. தேவாரமாக மாற்றினேன், பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரை நியமித்திருந்தார்கள், காதில் விழாமல் இருந்திருக்காது.

இரண்டாம் வாசிப்பில் உரையாடல் மட்டும், வாய்விட்டு.

மூன்றாவதில் ஒரு சிவப்புப் பேனா எடுத்து, செல்வி இன்றைய உலகத்தோடு ஒப்பிடும் ஒவ்வொரு இடத்தையும் கோடிடுங்கள். முதல் பகுதியில் பக்கத்துக்கு நாலைந்து இருந்தால் பரவாயில்லை. நடுப்பகுதியில் குறைய வேண்டும். கடைசிப் பகுதியிலும் அதே அளவு சிவப்பு இருந்தால் அவள் இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம், ஐந்தாம் படிக்குத் திரும்பிப் போய் அந்த வீட்டில் அவளுக்கு இன்னும் இரண்டு வேலை, ஒரு சண்டை, ஒரு கடன் கொடுத்துப் பாருங்கள்.